காற்றுக் கருவிகளில் கசிவு: ஓசை கேட்கும் இடமும் பழுது இருக்கும் இடமும்

கம்ப்ரசரின் மோட்டார் நின்று பட்டறை அமைதியடைந்த பின்னும் எங்கிருந்தோ மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டே இருந்தால், பெரும்பாலோர் உடனே ஸ்பேனரை எடுத்து ஓசை வரும் மூட்டை இறுக்குகிறார்கள். அப்போதும் நிற்காவிட்டால் கருவியைக் கழற்றத் தொடங்குகிறார்கள். இரண்டுமே அவசரச் செயல்கள். காற்று வெளியேறும் இடம் ஒன்றாகவும், அதை வெளியேற விட்ட பாகம் வேறொன்றாகவும் இருப்பது காற்றுக் கருவிகளில் மிகச் சாதாரணம். கம்ப்ரசரின் பிரஷர் சுவிட்சுக்கு அடியில் சீறினால், பழுது பெரும்பாலும் டேங்கின் வாயிலில் உள்ள, காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வில் இருக்கும். கிரைண்டரில் வேலை முடித்த காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் துளையில் சீறினால், பழுது லிவருக்குப் பின்னால் உள்ள வால்வில் இருக்கும். ஆகவே முதலில் அளந்து, பிறகு பகுதி பகுதியாகப் பிரித்து, அதன் பின் சோப்பு நீரால் இடத்தைக் கண்டு, கடைசியாகவே திறக்க வேண்டும் என்ற ஒழுங்கையே இந்த வழிகாட்டி பின்பற்றுகிறது.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடக் கூடாது. 6 பார் அழுத்தத்தில் 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியாக, வெளிக்காற்றின் அளவில் சொன்னால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் காற்று போய்விடும். விட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். வீட்டுப் பட்டறையில் வைத்துக்கொள்ளும் சிறு கம்ப்ரசர்கள் பலவும் நிமிடத்துக்கு 100 முதல் 150 லிட்டர் வரைதான் தருகின்றன. எனவே ஊசித்துளை அளவான ஒரு கசிவே கம்ப்ரசரின் உழைப்பில் பாதியை விழுங்கிவிடும். மோட்டார் அடிக்கடி ஓடும், சூடேறும், அதிகக் காற்றை அழுத்துவதால் டேங்கில் அதிக நீரும் சேரும். அந்த நீர் கருவிக்குள் போய் அடுத்த கசிவுக்கு வழி செய்யும்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். கசிவைத் தேடி விரலையோ உள்ளங்கையையோ மூட்டின் மீது வைத்துத் தடவும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். எந்த மூட்டையும் கழற்றுமுன் காற்று வரும் வழியை அடைத்து, ட்ரிக்கரை அழுத்தி, ஹோஸில் மிச்சமுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். நெயில் கன்னாக இருந்தால் ஹோஸைக் கழற்றிய பிறகு ஆணிகளையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

டேங்கின் பாதுகாப்பு வால்வு கசிந்தால் அதை அடைக்கவோ அதன் அழுத்த அளவை மாற்றவோ கூடாது. அதே அழுத்தத்துக்கும் அதே வெளியேற்றத் திறனுக்கும் குறிக்கப்பட்ட புதிய வால்வைப் பொருத்துவதே வழி. டேங்கின் உடலிலேயே துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தால் வெல்டிங்கோ எபாக்சி பூச்சோ உதவாது. ஒரு துளை தெரிந்தால் சுற்றியுள்ள தகடும் மெலிந்துவிட்டது என்று பொருள்; அந்த டேங்க் வெடிக்கக்கூடியது, அதை ஒதுக்கிவிடுங்கள். சாதாரண பி.வி.சி. தண்ணீர்க் குழாயைக் காற்று வழியாகப் பயன்படுத்தியிருப்பவர்கள் கசிவு தேடுவதற்கு முன் அதை அகற்றுவது நல்லது. அது உடையும்போது கூர்மையான துண்டுகளாகச் சிதறும்.

முதல் படி: கடிகாரத்தை வைத்து அளத்தல்

இந்தச் சோதனைக்குப் பிரஷர் கேஜும் கடிகாரமும் போதும். டேங்கை முழு அழுத்தத்துக்கு நிரப்பி, மின் இணைப்பையே துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடி அளவீட்டைக் கெடுத்துவிடும். பிறகு 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். அழுத்தப்பட்ட காற்று சூடாக இருக்கும். அது ஆறும்போது கசிவே இல்லாத டேங்கிலும் முள் சற்று இறங்கும். இந்த இறக்கத்தைக் கசிவு என்று எண்ணி, குற்றமற்ற பாகங்களைப் பிரித்துப் போட்டவர்கள் பலர்.

ஆறிய பிறகு சோதனையை மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். முதற்கட்டத்தில் டேங்கின் வெளிவாயில் வால்வை மூடி, டேங்கை மட்டும் 10 நிமிடம் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் வால்வைத் திறந்து, அழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் ரெகுலேட்டரையும் ஹோஸையும் நிரப்புங்கள், ஆனால் கருவியை மாட்ட வேண்டாம். மூன்றாம் கட்டத்தில் கருவியையும் மாட்டி, ட்ரிக்கரைத் தொடாமல் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஹோஸ் நிரம்புவதால் முள் ஒரேயடியாகச் சிறிது இறங்கும். அது நின்ற பிறகே நேரத்தைக் கணக்கிடத் தொடங்க வேண்டும். டேங்கின் அழுத்தம் ரெகுலேட்டரில் வைத்த அழுத்தத்துக்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் கசிவின் வேகமும் மாறி, கணக்கு பொருந்தாமல் போகும்.

கணக்கு எளிது. டேங்கின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, இறங்கிய அழுத்தத்தைப் பாரில் எடுத்துப் பெருக்கி, நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்று வீணாகிறது என்பது கிடைக்கும். 50 லிட்டர் டேங்க் ஒன்றில் முதற்கட்டத்தில் 10 நிமிடத்தில் 0.1 பார் இறங்கினால் இழப்பு அரை லிட்டர், ஹோஸுடன் 0.4 பார் இறங்கினால் 2 லிட்டர், கருவியுடன் 1.6 பார் இறங்கினால் 8 லிட்டர். ஆக, டேங்கின் பங்கு அரை லிட்டர், ரெகுலேட்டரும் ஹோஸும் சேர்ந்து ஒன்றரை லிட்டர், கருவியும் அதன் இணைப்பும் 6 லிட்டர். எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. மலிவான கேஜ்களில் கோடுகள் நெருக்கமாக இல்லாததால் சிறு இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது 10 நிமிடத்தை அரை மணி நேரமாக்குங்கள், முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சோப்பு நீர்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று கலந்து, நுரை வராமல் மெதுவாகக் கிளறி, சிறிய பிரஷால் மூட்டுகளில் தடவுங்கள். தடவும்போதே எழும் நுரையைப் பொருட்படுத்த வேண்டாம். சில நொடிகள் கழித்துத் தானாக வளரும் குமிழியே கசிவின் அடையாளம். மிகச் சிறிய கசிவுகள் வெண்ணிறப் பஞ்சு போல நுண்குமிழிகளாகத் திரளும். அதற்கு அரை நிமிடமாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பெரிய கசிவோ திரவத்தையே ஊதித் தள்ளிவிடுவதால் குமிழியே தெரியாமல் போகும். ஓசை இருந்து குமிழி இல்லாவிட்டால், அந்த இடம் காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸை மட்டும் அழுத்தத்துடன் வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்திப் பார்ப்பது இன்னும் தெளிவான முறை. கருவியை ஒருபோதும் நீரில் முக்க வேண்டாம். பிரஷர் சுவிட்சின் மூடி, மோட்டார், கருவியின் காற்று நுழைவாய் ஆகியவற்றில் சோப்பு நீர் படக் கூடாது. தேடல் முடிந்ததும் தடவிய இடங்களை ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள்.

மரைகளும் கப்ளர்களும்

இரண்டாம் கட்டத்தில் கசிவு காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மரை இணைப்புகள். இங்கே அடிக்கடி நிகழும் தவறு, இரு வேறு தரத்து மரைகளைக் கலந்து மாட்டுவது. பிரிட்டிஷ் தரமான 1/4 அங்குல பி.எஸ்.பி. மரைக்கு அங்குலத்துக்கு 19 திரிகளும் (மரைச் சுற்றுகளும்) 55 பாகைக் கோணமும் உண்டு. அமெரிக்கத் தரமான அதே அளவு என்.பி.டி. மரைக்கு 18 திரிகளும் 60 பாகைக் கோணமும் உண்டு. ஒன்றில் மற்றொன்று முதல் சில சுற்றுகள் வரை நன்றாகவே ஏறும், பிறகு இறுகிவிடும். மாட்டியவருக்கு நன்றாக இறுகியது போலவே தோன்றும். இத்தகைய இணைப்பை எத்தனை சுற்று டேப்பாலும் நிரந்தரமாக அடைக்க முடியாது. இறுக்க இறுக்க, மென்மையான பித்தளை மரைதான் சிதையும். கருவி ஒரு நாட்டுத் தயாரிப்பாகவும், அதில் திருகும் இணைப்புத் துண்டான நிப்பிள் வேறொரு நாட்டுத் தயாரிப்பாகவும் இருந்தால், மரை கேஜ் ஒன்றை வைத்துப் பார்த்த பிறகே பொருத்துங்கள்.

தரம் ஒன்றாகவே இருந்தாலும், கூம்பு மரைக்கும் நேர் மரைக்கும் வேறுபாடு உண்டு. கூம்பு மரையில் அடைப்பு மரையிலேயே நிகழ்வதால் டெஃப்லான் டேப் தேவை. நேர் மரையில் அடைப்பு முகப்பில் உள்ள வாஷராலோ ஓ-ரிங்காலோ நிகழ்கிறது. அங்கே மரையில் டேப் சுற்றினால் கசிவு ஒளிந்துகொள்ளுமே தவிர நிற்காது. வாஷரை மாற்றுங்கள், முகப்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேப் சுற்றும் முறையில் கவனம் தேவை. பழைய டேப்பைப் பித்தளைத் தூரிகையால் முழுவதும் அகற்றி, மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுழலும் திசையில், இழுத்துப் பிடித்தபடி மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். நுனியில் ஒன்றிரண்டு திரிகளை மூடாமல் விடுங்கள். இந்தக் கடைசி அறிவுரையைப் பலரும் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். நான் ஒருமுறை, நட்டுகளைத் திருகும் காற்று ரேட்செட் ஒன்றின் வால்வை இரண்டு தடவை பிரித்து ஓ-ரிங் மாற்றியும் சீறல் நிற்கவில்லை. மூன்றாம் முறைதான் வால்வு வந்து அமரும் இடமான சீட்டில் வெள்ளை நூல் போல ஒட்டியிருந்த டேப் துணுக்கு கண்ணில் பட்டது. நிப்பிளின் நுனி வரை சுற்றிய டேப் கிழிந்து, காற்றோடு உள்ளே போய், வால்வை மூடவிடாமல் தடுத்திருந்தது. அதன் பின் கருவியின் நுழைவாயில் மட்டும் டேப்பைத் தவிர்த்து, மரைகளுக்கான திரவ அடைப்பானைப் பயன்படுத்தி வருகிறேன். அதைச் சிறிதளவே தடவி, புட்டியில் சொன்ன நேரம் வரை உறைய விட வேண்டும்.

பிளக்கை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் இணைப்பான்களான விரைவு கப்ளர்களில் கசிவு இரண்டு காரணங்களால் வரும். கப்ளரின் உள்ளே இருக்கும் அடைப்பு வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது பிளக்கின் வடிவமே கப்ளருக்குப் பொருந்தாததாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் பிளக்குகள் பல தரங்களில் உள்ளன. முனையின் நீளமோ காடியின் இடமோ சிறிது வேறுபட்டாலும், மாட்டிக்கொண்டது போலிருந்து கசியும். பிளக்கைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சீறல் கூடிக் குறைந்தால் கப்ளரே குற்றவாளி. எல்லாப் பிளக்குகளும் கசிந்தால் கப்ளரையும், ஒன்று மட்டும் கசிந்தால் அந்தப் பிளக்கையும் மாற்றுங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் போன்ற அதிர்வு மிகுந்த கருவியில் கப்ளரை நேரடியாக மாட்டாமல், இடையில் அரை மீட்டர் நீளமுள்ள ஒரு துணை ஹோஸை வைத்தால் கப்ளரின் ஆயுள் கூடும்.

ஹோஸ் கிழிவது பெரும்பாலும் இரு முனைகளிலும், பிட்டிங்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான். அடிபட்ட முனையைச் செங்குத்தாக வெட்டி, புதிய பிட்டிங் போட்டு, ஹோஸின் வெளிவிட்டத்துக்குச் சரியான கிளிப்பால் இறுக்குங்கள். நடுவில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

ரெகுலேட்டர், பில்டர், கம்ப்ரசர்

ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைக்கும்போது ஒரு கணம் காற்று வெளியேறுவது அதன் இயல்பு. அந்தச் சிறு துளையிலிருந்து இடைவிடாமல் காற்று வந்தால் உள்ளே டயாபிரம் எனும் நெகிழும் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது வால்வின் சீட்டில் அழுக்கு படிந்து, வெளியேறும் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பின்னதுதான் காரணம் என்றால் கருவிப் பக்கத்துக் கேஜின் முள் மெல்ல மேலேறுவதைக் காணலாம். பில்டரில் அடியிலுள்ள வடிகால் வால்வையும் கிண்ணத்தின் ஓ-ரிங்கையும் பாருங்கள். பாலிகார்பனேட் கிண்ணத்தைத் தின்னராலோ பெட்ரோலாலோ கழுவினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, பின்னொரு நாள் அழுத்தத்தில் உடையும். மென்சோப்பும் தண்ணீரும் போதும்.

கம்ப்ரசரில் மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்சருகே ஓரிரு நொடி காற்று வெளியேறுவது, அடுத்த முறை மோட்டார் சுமையின்றித் தொடங்குவதற்காக வைத்த ஏற்பாடு. அது நிற்காமல் தொடர்ந்தால் சுவிட்சை மாற்றாதீர்கள். நான்-ரிட்டர்ன் வால்வு மூடாததால் டேங்கின் காற்று பின்னோக்கி வந்து, சுவிட்சுடன் இணைந்த மெல்லிய குழாய் வழியே வெளியேறுகிறது. டேங்கைக் காலி செய்து, வால்வைத் திறந்து, உள்ளிருக்கும் ரப்பர் தட்டையும் சீட்டையும் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கரியோ துருத் துகள்களோ இருக்கும்.

கருவிக்குள் தேடுதல்

மூன்றாம் கட்டம் மட்டும் கசிவு காட்டி, நுழைவாய் மரையில் குமிழி இல்லையென்றால், இனிக் கருவியைத் திறக்கலாம். அதற்கு முன் ட்ரிக்கரை அழுத்தாத நிலையில் காற்று எங்கே வெளியேறுகிறது, அழுத்தும்போது புதிதாக எங்காவது வெளியேறுகிறதா என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இம்பாக்ட் ரெஞ்ச், டிரில், கிரைண்டர், ரேட்செட் போன்ற சுழலும் கருவிகளில், அழுத்தாத நிலையில் எக்ஸாஸ்டில் காற்று வந்தால் நுழைவாய் வால்வு முழுதாக மூடவில்லை. ட்ரிக்கரின் தண்டைச் சுற்றிக் காற்று வந்தால் தண்டின் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. இவற்றில் பலவற்றில் நுழைவாயின் புஷ்ஷைக் கழற்றினாலே அதன் பின்னால் வலை, ஸ்பிரிங், வால்வு என்று வரிசையாக வெளிவரும். ஸ்பிரிங் தெறிக்கக்கூடும் என்பதால் துணி விரித்த மேசையில், ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலும் எடுத்த முகமாகவும் அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது பிறகு உதவும். சீட்டைத் துடைக்கப் பஞ்சுத் துணி போதும். கத்தி முனையோ ஸ்க்ரூ டிரைவரோ பட்டால் விழும் ஒரு கீறலே புதிய கசிவாகிவிடும்.

இதே கருவிகளில் சோப்பு நீர் காட்டாத கசிவு ஒன்றும் உண்டு. ரோட்டரின் காடிகளில் உள்ள தகடுகள் தேய்ந்து போனால், காற்று வேலை செய்யாமலேயே அவற்றைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். வெளியே ஒரு சீறலும் இருக்காது, ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் வேகம் குறையும், ரோட்டர் சில நிலைகளில் நின்றால் தட்டிவிட்டால்தான் சுழலும். தகடுகளை ஒன்றிரண்டாக அல்லாமல் ஒரு தொகுதியாகவே மாற்றுங்கள்.

நெயில் கன்னில் நோயறிதல் சற்று வேறு. ட்ரிக்கர் பகுதியில் காற்று வந்தால் ட்ரிக்கர் வால்வின் ஓ-ரிங்குகளைச் சந்தேகியுங்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையே வந்தால், அதிர்வால் தளர்ந்த திருகுகளைக் குறுக்கு வரிசையில் சமமாக இறுக்கிப் பார்த்த பிறகே கேஸ்கெட்டுக்குப் போங்கள். மேலே எக்ஸாஸ்டில் இடைவிடாமல் வந்தால் தலை வால்வின் ஓ-ரிங் தேய்ந்தோ வறண்டோ இருக்கும். கீழே மூக்குப் பகுதியில் வந்தால் அங்குள்ள திருகுகளையும், அடுத்ததாகப் பம்பர் எனப்படும் ரப்பர் தாங்கியையும் ஓ-ரிங்குகளையும் பாருங்கள்.

ஸ்ப்ரே கன்னில் ட்ரிக்கரை விட்ட பிறகும் முனையில் காற்று வந்தால், காற்று வால்வின் தண்டில் காய்ந்த பெயின்ட் ஒட்டியிருக்கும் அல்லது அதன் பேக்கிங் நட் அளவுக்கு மேல் இறுகித் தண்டைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். காற்றை எப்போதும் விட்டுக்கொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட ஸ்ப்ரே கன்களும் உண்டு. அவற்றில் இது பழுதே அன்று.

ஓ-ரிங் மாற்றுதல்

காற்றுக் கருவிகளுக்கு வழக்கமாக நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகளே பொருந்தும். ஈ.பி.டி.எம். ரப்பர் பார்வைக்கு அதே கறுப்பு வளையம்தான் என்றாலும், கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். உள்விட்டத்தையும் வளையத்தின் தடிமனையும் வெர்னியரால் அளந்து வாங்குங்கள். பழைய வளையம் தட்டையாகியிருந்தால் காடியின் அகலத்தையும் ஆழத்தையும் அளப்பது நம்பகமானது. பழையதை எடுக்க மரக்குச்சியோ பிளாஸ்டிக் முனையோ போதும். புதியதை மாட்டுமுன் எண்ணெய் பூசி, முறுக்கு விழாமல் உருட்டி ஏற்றுங்கள். உலர்ந்த வளையம் மரைகளைத் தாண்டும்போதே கிழிந்துவிடுவதுண்டு. சிலிக்கான் கிரீஸ் நல்ல மசகுதான், ஆனால் ஸ்ப்ரே கன்னிலோ அதற்குக் காற்று தரும் ஹோஸிலோ அதைத் தொடவே வேண்டாம். துளியளவு சிலிக்கான் பெயின்ட்டில் கலந்தாலும் பூச்சில் குழிகள் விழும்.

மீண்டும் பொருத்தியபின் நுழைவாயில் காற்றுக் கருவி எண்ணெய் மூன்று நான்கு சொட்டு விட்டு, மெதுவாக இயக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 என்று குறித்த மெல்லிய எண்ணெய் ஏற்றது. எஞ்சின் ஆயில் தடித்துப் பிசினாகி வால்வுகளை ஒட்டிக்கொள்ளச் செய்யும். எண்ணெய் தேவையில்லை என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கும் கருவிகளுக்கும் ஸ்ப்ரே கன்களுக்கும் இது பொருந்தாது.

கசிவு நின்றும் வலு இல்லையென்றால்

மூன்று கட்ட எண்களும் சிறிதாக இருந்தும் கருவி சோர்ந்து ஓடினால், அது கசிவு அன்று, வழியில் ஏற்படும் அழுத்த இழப்பு. பெரும்பாலான கைக்கருவிகள் 90 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 6.2 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நுழைவாயில் இருக்க வேண்டிய அழுத்தம் அது. நுழைவாயருகே ஒரு சிறு கேஜைப் பொருத்தி, ஓடாதபோதும் ஓடும்போதும் பாருங்கள். ஓடும்போது முள் வெகுவாக விழுந்தால் நீளமான ஒடுங்கிய ஹோஸ், அடைந்த பில்டர், சிறு துளையுள்ள கப்ளர் ஆகியவற்றில் ஒன்றே காரணம்.

பழுது பார்த்த அன்றே மூன்று கட்டச் சோதனையை மறுபடி செய்து, கிடைத்த மூன்று எண்களையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி டேங்கில் ஒட்டிவிடுங்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் சீறல் கேட்கும்போது, எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பகுதியில் தேடலைத் தொடங்குவது என்பது ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.